இடப்பக்கம் நின்ற பச்சைப் புள்ளி

2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை. 4.50க்கு எழுந்தேன். ஒரு கோப்பை பிளேன்டீ, சீனி ஒரு கரண்டி. 5.55 பஸ் ஏழு நிமிடம் பிந்தி வந்தது. 7.20க்கு ஆய்வுகூடத்தைத் திறந்து, கதவருகே தொங்கும் அட்டவணையில் முதலில் ஈரப்பதத்தை எழுதினேன்: 71. அடுத்து வெப்பநிலை: 24.5. லேசரைக் குளிர்விக்கும் தண்ணீரின் மட்டம் சரியாக இருந்தது. வில்லைகளை மூடியிருந்த துணிகளை வெளியே கொண்டுபோய் உதறி, மடித்து, அலுமாரியில் வைத்தேன். இருபத்திரண்டு வருடங்களாக இதே வரிசைதான். வரிசை மாறினால் அன்று எனக்கு வேலை ஓடாது.

எங்கள் ஆய்வுகூடம் கேகாலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் உள்ளே, மலை மேல் இருக்கிறது. முன்பு அது ஓர் இறப்பர்த் தோட்டத்தின் ஸ்டோர், அதாவது இறப்பர்ப் பாலை ஷீட்டாக்கும் தொழிற்சாலை. பால் உறையவைத்த இடத்தில் இப்போது அலுவலகம். ஷீட்டுகளைப் புகையில் காயவைத்த அறைதான் எங்கள் இருட்டறை. இரண்டடிக் கனச் சுவர், ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. லேசர் வேலைக்கு அதைவிட நல்ல அறை கிடைக்காது. மூன்று தடவை வெள்ளையடித்தும் மழை நாட்களில் செங்கல்லுக்குள் இருக்கும் பழைய புகை வெளியே வரும். நான் தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். என் அம்மா வேலை செய்ததும் இதைப் போன்ற ஒரு ஸ்டோரில்தான். அதனால் அந்த வாசனை மற்றவர்களுக்குத் தொந்தரவு, எனக்கு இல்லை.

அன்றைக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, வருடாந்தப் பொருள் சரிபார்ப்பு. மற்றது, காலமான எங்கள் மூத்த ஆய்வாளரின் ஆய்வுக் குறிப்புக் கொப்பிகளை எடுத்துவைப்பது. போன நவம்பரில் அவர் வீட்டில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவருடைய மனைவி கேகாலையில் ஆசிரியை. ஓய்வுபெற்று ஊருக்கே, வடக்குக்கே, திரும்பப் போகிறார். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து கொப்பிகளை எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். மொத்தம் பதினான்கு. இலக்கப்படி அடுக்கி மேசையில் வைத்தேன்.

பத்தரைக்குப் பண்டகப் பொறுப்பாளர் பட்டியலோடு வந்தார். என்னைவிட ஆறு வயது மூத்த சிங்களப் பெண்மணி. சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய தமிழ் பேசுவார், என்னை மட்டும் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்று கூப்பிடுவார். ஒவ்வொரு பொருளாக நான் எடுத்துக் காட்ட அவர் பட்டியலில் சரி போட்டார். பன்னிரண்டாவது பெட்டியில் அந்தத் தகடு இருந்தது. பெரிய தபால் முத்திரை அளவு கண்ணாடி, நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு பொன்னிறச் சதுரம். பட்டியலில் அதற்கு நேரே நானே ஆறு வருடத்துக்கு முன் எழுதிய விவரம்: "பின்புறம் அம்புக்குறி, மேல் நோக்கி."

அவர் கையுறை போட்டுக்கொண்டு, தகட்டை ஓரங்களில் பிடித்துப் பின்புறம் திருப்பினார்.

"அம்பு கீழதானே இருக்கு?"

"மேலதாங்க. சரியாப் பாருங்க."

"அனே நங்கி, எனக்குக் கண்ணாடி இருக்கு, கண்ணும் இருக்கு. கீழ."

நான் வாங்கினேன். பெட்டியில் முதலில் இருந்தபடி வைத்துவிட்டு, எடுத்துத் திருப்பிக் காட்டினேன். அம்பு மேலே பார்த்தது. அவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொட்டி மாதிரி பெரட்டுறீங்களே! கண்ணாடிய யாரு அப்படிப் பெரட்டுறது? புத்தகம் மாதிரி திருப்புங்க."

நானும் சிரித்தேன். பிறகு அவர் சொன்னபடி, புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல், வலது ஓரம் இடது ஓரமாகத் திருப்பினேன். அம்பு கீழே பார்த்தது. மறுபடி என் கைப் பழக்கத்தில், கீழ் ஓரத்தைத் தூக்கி மேலே போட்டுத் திருப்பினேன். அம்பு மேலே. ஐந்து தடவை செய்தேன் என்று நினைக்கிறேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் காதில் விழவில்லை. இருட்டறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைத் திரை தெரிந்தது.

அந்தத் திரையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதில் பென்சிலால் போட்ட இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டும் காலமான அந்த மூத்த ஆய்வாளர் போட்டவை. நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். வலப்பக்க வட்டத்தை அவர் 2017இல் பரிசோதனைக்கு முதல் நாள், கணக்கைப் பார்த்து, அளந்து போட்டார். வெளிச்சம் வந்து விழ வேண்டிய இடம் அது. இடப்பக்க வட்டம் மறுநாள் போட்டது. வெளிச்சம் உண்மையில் வந்து விழுந்த இடம். கடந்த ஆறு வருடங்களாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திரையைத் தூசி தட்டும்போது அந்த இரண்டையும் தொடாமல் சுற்றித் தட்டியிருக்கிறேன். அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானாக அழிக்கவும் இல்லை. அவர் இறந்த பிறகு, வேறு வேலைக்காக அந்த அறையில் விளக்கை அணைத்து உட்காரும்போதெல்லாம் என் தலை தானாக இடப்பக்கம் திரும்பும். அங்கே எதுவும் இருக்காது. ஆனாலும் திரும்பும்.

பரிசோதனை இதுதான். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. அது மிக வலுவாக ஒரு பொருளில் விழும்போது, எப்போதாவது, இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து ஒன்றாகிப் பச்சை ஒளியாக வெளியே வரும். தெரியாத வெளிச்சம் தெரியும் வெளிச்சமாகிறது. நேரிலா ஒளியியல் என்று இதற்குப் பெயர். தகட்டில் இருந்த பொன்னிறச் சதுரத்தில் லட்சக்கணக்கான தங்கத் துணுக்குகள். ஒவ்வொன்றும் மின்விசிறிபோல் மூன்று கை உள்ளது, ஒவ்வொன்றும் பக்கத்துத் துணுக்கைவிடச் சிறிது திரும்பி நிற்பது. ஆங்கிலப் பெயர் மெட்டாசர்ஃபேஸ். சார் "தகடு" என்பார். எனக்கு அவர் விளக்கியபோது நான் பெரட்டுக் களத்தை நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ ஆள் பிரிக்க வரிசையில் நிற்கும் கூட்டம். ஒவ்வொரு ஆளும் பக்கத்து ஆளைவிடக் கொஞ்சம் அதிகமாக முகத்தைத் திருப்பினால், முழு வரிசையின் பார்வையும் ஒரு பக்கமாகச் சரியும். அதுபோல், துணுக்குகள் திரும்பும் விதத்தால் பச்சை ஒளி ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைத் தகட்டைச் செய்யும்போதே தீர்மானிக்கலாம். சாரின் கணக்கு, வலப்பக்கம் என்று சொன்னது. தகட்டை வெளிநாட்டில் அவருடைய நண்பர் ஒருவர் செய்து அனுப்பியிருந்தார். துணுக்குகள் எங்கள் நுணுக்குக்காட்டியில் தெரியாத அளவு சிறியவை. எது மேல், எது கீழ் என்பதைப் பெட்டி மூடியில் ஒட்டியிருந்த தாளை வைத்துத்தான் அறியலாம்.

தகட்டைத் திரவத்தில் கழுவ வேண்டியிருந்தது. கழுவும்போது திசை தெரியாமல் போய்விடும் என்பதால், பின்புறக் கண்ணாடியில் வைர ஊசியால் மேல் நோக்கி ஓர் அம்பு கீறினேன். அது என் யோசனை. சார், "நல்ல யோசனை" என்றார்.

பச்சை மிக மங்கலாகத்தான் வரும். அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் முழு இருட்டில் கண்ணைப் பழக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடங்களிலும் சார் பேசிக்கொண்டே இருப்பார்.

"கேகாலையில உடுப்புக் காயுறதுக்கு முந்தி மனிசருக்கு வயசு போயிடும். எங்கட மனிசி நேற்றுக் கொடியைப் பாத்து அழாக்குறை."

"மழைக்காலந்தானுங்களே சார்."

"மழைக்காலம் எப்ப இஞ்ச முடிஞ்சது? உம்மட கொப்பியில எழுதி வச்சிருப்பீர், பாத்துச் சொல்லும். கண் சிமிட்டுறதையும் எழுதுவீரோ?"

"தேவைன்னா எழுதுவேங்க."

அவர் சிரித்த சத்தம் அந்தத் தடித்த சுவர்களில் பட்டு வெளியே போகாமல் நின்றது. பிறகு லேசர் ஒளியை மறைத்திருந்த மூடியைத் திறந்தார். பச்சைப் புள்ளி வந்தது. ஒரு மிளகு அளவு, தெளிவாக, ஆனால் இடப்பக்கம்.

"இது ஏன் அங்க போய் நிண்டு சிரிக்குது?" என்றார்.

அன்றிலிருந்து எட்டு மாதம். அவர் கணக்கை முதலிலிருந்து செய்தார். லேசருக்கு முன்னால் ஒளியின் சுழற்சியை மாற்ற நிற்கும் வேறொரு கண்ணாடியைப் பதினொரு தடவை சரிபார்த்தார். பதினொன்றையும் நான் குறித்திருக்கிறேன். நண்பருக்கு எழுதினார். நண்பர், உங்கள் கணக்கில்தான் எங்கோ திசை புரண்டிருக்க வேண்டும் என்று பதில் எழுதினார். ஆய்வுகூடத்தில் இது வேடிக்கையானது. தேநீர் நேரத்தில் சார் வந்தால் பண்டகப் பொறுப்பாளர் சிங்களத்தில் கேட்பார், "சர், அத வமத, தகுணத?" இன்றைக்கு இடமா, வலமா? எல்லோரும் சிரிப்பார்கள். சாரும் சிரிப்பார். பிறகு பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போவார்.

மூன்று தடவை அவர் என்னிடம் கேட்டார். மூன்று திகதிகளும் என்னிடம் உண்டு. மூன்றாவது தடவை இருட்டில் கேட்டார்.

"பிள்ளை, அந்த அம்பு மேல்பக்கம்தானே?"

"ஆமாங்க சார். நாந்தான் கீறினேன். மேல்பக்கந்தாங்க."

"நீர் கீறினதெண்டால் சரியாத்தான் இருக்கும். உம்மில பிழை வராது."

அதோடு அவர் அந்தப் பக்கம் தேடுவதை விட்டுவிட்டார். அதன்பின் தேடுவதற்கு அவருக்கு மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான்.

இந்தக் கணக்கைப் பற்றி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரையை அவர் திரும்பப் பெற்றார். மாதாந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, காரணம் தெரியவில்லை, பிழை தன்னுடையது என்று சொன்னார். யாரோ பின்னாலிருந்து, "சார் முகம் பாக்கிற கண்ணாடியில பாத்திருப்பார்" என்றார்கள். அதற்குப் பிறகு சார் இருட்டறைக்குள் வரவில்லை. தராசுகளையும் வெப்பமானிகளையும் அளவு பார்த்துக்கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். நான்கு வருடங்கள்.

பண்டகப் பொறுப்பாளர் போன பிறகு என் 2017ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். பழையவை எல்லாம் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. "தகட்டின் பின்புறம் அம்பு கீறினேன். மேல் நோக்கி. கீறுமுன் இரண்டு முறை திருப்பிச் சரிபார்த்தேன். உடனே திரவத்தில் இட்டேன்." இரண்டு முறை. இரண்டு முறையும் இதே கை, இதே திருப்பு. திரவத்தில் இடுமுன் முன்பக்கம் ஒரு தடவை பார்த்திருந்தால், கண்ணாடி வழியே அம்பு தலைகீழாய் நிற்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பின்னால் எத்தனையோ தடவை பெட்டியிலிருந்து எடுத்தும் வைத்தும் இருக்கிறேன். என் கையில் எடுத்து என் கையால் வைக்கும்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. அம்பை மேலாக வைத்து அவர் பொருத்தியபோது தகடு தலைகீழாக நின்றது. துணுக்குகள் எதிர்த்திசையில் திரும்பின. பச்சை இடப்பக்கம் போனது. கணக்கில் ஒன்றுமே பிழையில்லை.

கை எங்கே பழகியது என்று யோசிக்கத் தேவையில்லை. அம்மா ஸ்டோரில் ஷீட் தரம் பார்ப்பவள். கண்ணாடி மேசை, கீழே விளக்கு. அதன்மேல் ஷீட்டைப் போட்டால் தேன் நிறத்தில் வெளிச்சம் வரும். தூசும் குமிழும் கறுப்பாகத் தெரியும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, தன் பக்கத்து ஓரத்தைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டுத் திருப்புவாள். நீண்ட ஷீட்டை வேறு எப்படியும் ஒரு ஆளாகத் திருப்ப முடியாது. பாடசாலை விட்டு வந்து அவள் எதிரே நின்று நானும் திருப்பியிருக்கிறேன். புத்தகம் என் கைக்கு வந்தது அதற்குப் பிறகு. கடிதம், படம், பாத்திரமூடி எதையும் நான் இன்றுவரை அப்படித்தான் திருப்புகிறேன் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

பதினான்காவது கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய சிறிய, சாயாத எழுத்து: "திசை எங்கே மாறியது என்று கடைசிவரை தெரியவில்லை. பிழை என்னுடையது." கீழே கையெழுத்து. மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த வரி அவருடைய மனைவியின் பையில் ஏறி வடக்கே போகும். நான் ஒன்றும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பண்டகப் பொறுப்பாளருக்கு அது ரொட்டிக் கதை.

அன்றே பரிசோதித்திருக்கலாம். லேசர் சூடாக ஒரு மணி நேரம் போதும். செய்யவில்லை. பச்சை வலப்பக்கம் வந்தாலும் எனக்குப் பயம், வராவிட்டாலும் பயம். எதையும் சரிபார்க்காமல் நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலு மணிக்கு இருட்டறைக்குள் போனேன். விளக்கைப் போடவில்லை. அவருடைய நாற்காலியில் உட்காராமல் என்னுடையதில் உட்கார்ந்தேன். வெளியே மழை பிடித்திருந்தது. சுவரிலிருந்து புகை வாசனை வந்தது. இடப்பக்கம் பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துவைத்திருந்தேன். பத்து நிமிடம் போனதும் பழக்கதோஷத்தில், "திறங்க சார்" என்று என் வாய் சொன்னது. எழுந்து வெளியே வந்து தொலைபேசியில் அவருடைய மனைவியைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், நான் ஆய்வுகூடத்துல இருந்து பேசுறேங்க. நாளைக்கு நீங்க கொப்பி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும்."

முழுதும் சொன்னேன். அம்பு, கழுவியது, திருப்பியது, மூன்று தடவை கேட்டது.

"அப்ப அவர் பிழை விடேல்லையோ?"

"இல்லைங்க டீச்சர். அப்படித்தான் நினைக்கிறேன். இன்னும் பாக்கல."

"பாக்காமல் ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்த மனுசன் சாப்பாட்டுக் கோப்பையில விரலால அம்புக்குறி கீறிப் பாத்தவர், தெரியுமோ? சோத்துக்குள்ள. நான் பேசினனான், வயசு போன நேரத்தில என்ன விளையாட்டெண்டு." பிறகு, "நீங்கள் எத்தினை மணிக்குத் திறப்பியள்?" என்றார்.

"ஏழு இருபதுக்குங்க."

"நான் ஏழரைக்கு நிப்பன். நான் வாறவரைக்கும் ஒண்டும் தொடாதையுங்கோ."

வீட்டுக்குப் போய்ச் சோறும் பருப்பும் சாப்பிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் இரண்டு வரிதான் எழுதினேன்.

ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. 7.20க்குத் திறந்தபோது அவர் ஏற்கெனவே படியில் நின்றார். வெள்ளைச் சேலை இல்லை, பாடசாலைக்குக் கட்டும் பருத்திச் சேலை. ஈரக்குடையை வாசலில் சாய்த்தார். "எங்க அது?" என்றார். நான் அட்டவணைப் பக்கம் போகாமல் நேரே லேசரின் சாவியைத் திருப்பினேன். அது சூடாகும்வரை இருவரும் மேசையின் இரு பக்கமும் இருந்தோம். தேநீர் வேண்டாம் என்றார். தகட்டை அவர் முன்னால் பெட்டியிலிருந்து எடுத்தேன். புத்தகம் மாதிரித் திருப்பினேன். அம்பு கீழ் நோக்கி இருக்கும்படி பிடிப்பானில் பொருத்தினேன். இருவரும் கண்ணாடி போட்டோம். விளக்கை அணைத்தேன். அவர் இருட்டில் தடவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அது சாருடையது. நான் சொல்லவில்லை.

பத்து நிமிடம் கண்ணைப் பழக்கினோம். வளையல் ஒரு தடவை அசைந்தது. மூடியைத் திறந்தேன்.

வலப்பக்கம். பென்சில் வட்டத்தின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, மையத்துக்கு நாலு மில்லிமீட்டர் கீழே, பச்சையாக ஒரு மிளகு. இடப்பக்கம் ஒன்றுமில்லை. இரண்டு தடவை பார்த்தேன்.

"இவ்வளவு சின்னனோ?" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. "இதுக்கோ?"

விளக்கைப் போட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றாமலே வெளியே வந்து பதினான்காவது கொப்பியைத் தானே திறந்து, கடைசிப் பக்கத்தை என் முன் தள்ளினார்.

"எழுதுங்கோ. அவற்ற வரியை வெட்டாதையுங்கோ, அதுக்குக் கீழ. உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோ." நான் பென்சிலை எடுத்ததைப் பார்த்து, "பேனையால," என்றார்.

அம்பைத் தலைகீழாகக் கீறியது நான், கணக்குச் சரி, புள்ளி வலப்பக்கம் என்று எழுதி, திகதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். அப்போது மணி 8.52. அன்றைய ஈரப்பதக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.